ஆலை ரோட்டின் அகலம்

ஜூன் 3, செவ்வாய்

எண்ணெய் ஆலையின் சுவரில் போர்டு மாட்டிவிட்டார்கள். முப்பத்தொரு மாடி. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உச்சியில் நீச்சல் குளமாம். எங்கள் சபாபதி காலனிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது, அதுவும் இரண்டு மணி நேரம். எதிரே இவர்கள் ஆகாயத்தில் நீந்தப் போகிறார்கள்.

பால் வாங்கப் போனவள் அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். படத்தில் ஆலை ரோடு விமான ஓடுபாதை மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கார். உண்மையில் அங்கே இருப்பது ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு இஸ்திரி வண்டி, பரிமளாவின் தையல் கடை, படுத்திருக்கும் மூன்று மாடுகள். அந்தப் படத்தை வரைந்தவனைக் காலை எட்டரை மணிக்குக் கொண்டுவந்து நடுரோட்டில் நிறுத்த வேண்டும். சென்னையில் எந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று அப்போது தெரியும்.

ஜூலை 12 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம். பொதுமக்கள் தங்கள் ஆட்சேபங்களைத் தெரிவிக்கலாமாம். தெரிவிக்காமல் என்ன.

ஜூன் 5, வியாழன்

பாக்கியநாதன் சார் வீட்டில் காலனிக் கூட்டம். அவர்தான் சங்கச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவரிடம் போலத்தான் பேசுவார். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு வெயில் போய்விடும் என்ற கவலை, ஒருவருக்குப் பார்க்கிங். "நம்ம வீட்டு ரேட்டும் ஏறும்ல சார்?" என்று கேட்ட பி பிளாக்காரரை எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்தார்கள்.

கடைசியில் சார் ஒரு தடிப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். கட்டடக் கம்பெனி தாக்கல் செய்த ஆய்வறிக்கை, இருநூற்றுப் பதினாறு பக்கம்.

"நமக்கு எதுக்குப் பயம்? மங்கை மேடம் இருக்காங்க. முப்பது வருஷம் இதே வேலதான் பாத்தாங்க. எந்தக் கட்டடம் வந்தா ரோடு தாங்கும், தாங்காதுன்னு சொல்றவங்க. மேடம், அவனுங்க புளுகை ஒவ்வொண்ணா உரிச்சு வெச்சிடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் என்றால் உடனே கைதட்ட வேண்டுமா?

போகும்போது வத்தக்குழம்பு கொண்டுபோயிருந்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா இறந்த இந்த இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு ஏதாவது கொடுக்கிறேன். "எதுக்கு மேடம் இவ்ளோ சிரமம்?" என்கிறார் ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் என்ன?

ஜூன் 8, ஞாயிறு

மதியம் படிக்க உட்கார்ந்தேன். படு மோசம். மரங்களின் பட்டியலில் ஆலைக்குள் இல்லாத மாமரம் இருக்கிறது. கழிவுநீர்ப் பகுதியில் வேறு ஏதோ ஊரின் பெயர் வருகிறது. பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியவன் ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை. என் கீழ் வேலை பார்த்த யாராவது இப்படிக் கொண்டுவந்திருந்தால் முகத்தில் எறிந்திருப்பேன்.

எண்பத்தெட்டாம் பக்கம் வரை வந்தேன். கண் வலிக்கிறது. மீதி நாளை.

ஜூன் 9, திங்கள்

படிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் துடைத்தேன். சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்த கேஸ்காரரிடம் சண்டை. இரண்டாவது மாடிக்கு ஏற்றித் தருவதுதானே அவர் வேலை?

ஜூன் 10, செவ்வாய்

படிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரோட்டை நாமே அளந்துவிடலாம் என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் போனோம். இவ்வளவு உயரம் கட்ட வேண்டுமென்றால் முன்னால் உள்ள ரோடு பதினெட்டு மீட்டர் இருக்க வேண்டும். அறிக்கையிலும் பதினெட்டு என்றுதான் இருக்கிறது.

ஆலை வாசலில் பன்னிரண்டு மீட்டர். பரிமளா கடை முன்னால் பதினொன்று. முக்கு டவர் எதிரில், டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடத்தில், ஒன்பது மீட்டர் நாற்பது. முக்கு டவர் என்பது ஒன்பது வருடம் முன்பு திருப்பத்தில் வந்த பதினான்கு மாடி. அது வந்த பிறகுதான் இந்த ரோட்டில் சாயங்காலம் நடக்கவும் முடியாமல் போனது.

சார் அளவை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "பாதிதான் இருக்கு மேடம்! எந்த முட்டாள் மேடம் இத பதினெட்டுன்னு எழுதினான்?"

"முட்டாள் எல்லாம் இல்ல சார். ஒழுங்கா எழுதுங்க, ஒன்பது புள்ளி நாலு" என்று கத்திவிட்டேன். ஆறு மணிக்குத் தெருவில் நின்று ஒரு மனிதரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கம் கையைக் காட்டினார். "இங்கதான் மேடம் ஆம்புலன்ஸ் நின்னுச்சு. டவர்லேருந்து வண்டிங்க வெளிய வருது, இந்தப் பக்கம் ஸ்கூல் வேன். முப்பத்தஞ்சு நிமிஷம். ஸ்டெல்லா என் கைய புடிச்சிட்டு, 'இறங்கி நடந்துரலாமாங்க'ன்னு கேட்டா. நடந்துரலாமான்னு கேட்டா மேடம், நெஞ்சு வலியோட."

எனக்குத் தெரிந்த கதைதான். அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் நின்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மெஷின் இருந்தும் கையால்.

ஜூன் 19, வியாழன்

பிளவுஸ் வாங்கப் போனேன். கட்டடம் வேண்டாம் என்ற எங்கள் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பரிமளாவிடம் நீட்டினேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை.

"நான் போட மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"பன்னெண்டு வருஷத்துல அஞ்சு வீடு மாறிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஹவுஸ் ஓனர் பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்கறாங்க. இந்தக் கட்டடத்துல சின்ன வீடு நாப்பது, குலுக்கல்ல எங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தராங்களாம். பேர் குடுத்திருக்கேன்."

"அதெல்லாம் சும்மா சொல்றது பரிமளா. கட்டி முடிச்சதும் மாத்திடுவாங்க."

"மாத்தட்டும். மாத்தினா அப்ப சண்ட போடறேன். நீங்க வரவே கூடாதுங்கறீங்களே? உங்க காலனியும் ஒரு காலத்துல வயல்தான? அன்னிக்கு யாராவது மனு எழுதியிருந்தா நீங்க எங்க இருந்திருப்பீங்க?"

"ரோடு தாங்காதும்மா. உயிர் போற விஷயம் இது."

"ரோட்ட அகலமாக்கச் சொல்லுங்க. வீட்ட ஏன் தடுக்கறீங்க?"

பிளவுஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பிளவுஸில் கை இறுக்கமாக இருக்கிறது, திருப்பிக் கொண்டுபோக வேண்டும். போகப் போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

நான்கு வருடத்துக்குப் பிறகு வரதராஜன் பேசினார். நான் ஓய்வு பெறும்வரை அவர்தான் எனக்கு மேலே. அதே குழைவு, அதே "சௌக்கியமா?"

"ஆலை ரோடு ப்ராஜெக்டுக்கு அறிக்கை நம்ம கம்பெனிதான் பண்றோம், தெரியுமோன்னோ? நீங்க எதிர் சைடுல இருக்கேள்னு கேள்விப்பட்டேன். தப்பில்ல. தண்ணி பத்திப் பேசுங்கோ, மரம் பத்திப் பேசுங்கோ. ரோடு மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா மங்கை? எண்பத்தெட்டாம் பக்கம் பாத்திருப்பேளே. அடிக்குறிப்புல முந்தைய அறிக்கைன்னு போட்டிருக்கு. முந்தைய அறிக்கைல கையெழுத்து யாரோடது? நான் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது கேட்டா எடுத்துக் குடுக்கத்தானே வேணும்?"

போனை வைத்துவிட்டேன். அயோக்கியன். மிரட்டும்போதுகூடக் குரல் உயராத அயோக்கியன்.

ஜூன் 28, சனி

இங்கே எழுதுவதை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருப்பது நான் எழுதிய வாக்கியம். பதினோரு வருடம் முன்பு முக்கு டவருக்காக எழுதியது. என் வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். முதலில் இப்படித்தான் எழுதியிருந்தேன்: "ஆலை ரோட்டின் உத்தேச அகலம் பதினெட்டு மீட்டர்." நகரத் திட்டத்தில் என்றைக்காவது அகலப்படுத்தப் போவதாகப் போட்டிருந்த அளவு அது. அடுத்த வரியில் இப்போதைய அகலத்தையும் எழுதியிருந்தேன்.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வரதராஜன் என் மேஜைக்கு வந்து, "'உத்தேச'ங்கற வார்த்தைய எடுத்துடுங்கோ. அடுத்த வரியும் வேண்டாம். ரோடு எப்படியும் அகலமாகத்தான் போறது. பொய்யில்ல இது, கொஞ்சம் முன்னாடி சொல்றோம், அவ்வளவுதான்" என்றார். நான் ஒரு தடவை மறுத்தேன். ஒரு தடவை மறுத்தேன் என்பதைப் பதினோரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் தடவை அவர் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்றார். நான் எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, அது பணிமூப்பில் வந்தது, இதற்காக வரவில்லை.

எல்லோரும் செய்வதுதான். அந்த ஆபீஸில் அப்படிச் செய்யாதவர் ஒருவர் இல்லை. ஆம்புலன்ஸ் நின்றதற்கு ஸ்கூல் வேனும் காரணம், டிரான்ஸ்பார்மரை அங்கே வைத்தவனும் காரணம். ஒரு வார்த்தையால் ஒரு ஆள் சாக மாட்டார்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சார் தன் பேச்சை என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். தாளில் எழுதி, அடிக்கோடு போட்டு, மாணவன் மாதிரி. ஸ்டெல்லாவைப் பற்றி வரும் இடத்தில் நின்றுவிட்டார்.

"இத சொல்லலாமா மேடம்? சொந்தத் துக்கத்த மைக்ல சொல்றது அசிங்கமா இருக்குமோ?"

"சொல்லுங்க சார்" என்றேன்.

"ரோடு அளவு மட்டும் நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "தண்ணி குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

கூட்டம் கல்யாண மண்டபத்தில். நேற்று ஏதோ விசேஷம் நடந்திருக்க வேண்டும், வாசலில் வாழைமரம் அப்படியே இருந்தது. மேடையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மாள் மட்டும் குறிப்பெடுத்தார். மற்ற இரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள். கட்டடக் கம்பெனியின் இளம் இன்ஜினியர் அதே ஓடுபாதைப் படத்தைத் திரையில் போட்டார். எங்கள் ஆட்கள் ஊளையிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், "பேச விடுங்கப்பா" என்று கத்தினார்கள். ஒரு நாற்காலி விழுந்தது.

பரிமளா பேசினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வெயில் போயிடும்ங்கறாங்க. எனக்கு வீட்டுக்குள்ள வெயில் எப்படி வரும்னே தெரியாது. ஜன்னல் இருக்கற வீட்டுல நான் இருந்ததில்ல." அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தேன். பி பிளாக்காரர். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் கோபம்.

பிறகு சார். தாளைப் பார்க்கவே இல்லை. முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்னபோது மண்டபம் அடங்கிவிட்டது. பரிமளாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க மங்கை மேடம் இப்ப கணக்கு சொல்வாங்க" என்று மைக்கை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் வரதராஜன் இருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், தைரியம் சொல்கிற மாதிரி.

அந்தத் தலையசைப்புத்தான். அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அளவை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

"டிரான்ஸ்பார்மர் கிட்ட இந்த ரோடு ஒன்பது புள்ளி நாலு மீட்டர்" என்றேன். "அறிக்கைல பதினெட்டுன்னு இருக்கு. யார் எழுதினதுன்னு சார் என்கிட்ட கேட்டார். நான் எழுதினேன். முக்கு டவருக்காகப் பதினோரு வருஷம் முன்னாடி எழுதினேன். 'உத்தேச'ன்னு ஒரு வார்த்தை இருந்தது. எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். எடுக்கச் சொன்னவர் இதே மண்டபத்துல இருக்கார். ஆனா எடுத்தது என் கை. கையெழுத்து என்னோடது. அந்த வார்த்தை இருந்திருந்தா முக்கு டவர் நாலு மாடிக்கு மேல போயிருக்காது."

யாரும் கைதட்டவில்லை.

குறிப்பெடுத்த அம்மாள் நிமிர்ந்து, "இத எழுத்துல குடுப்பீங்களா?" என்று கேட்டார். கொடுப்பேன் என்றேன். அங்கேயே எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது வரதராஜன் இல்லை. பாக்கியநாதன் சார் இருந்த நாற்காலியும் காலி. தரையில் அவருடைய பேச்சுத் தாள் கிடந்தது. எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால், குழம்பு கொண்டுபோன என் பாத்திரங்கள் எல்லாம் வாசலில் அடுக்கி இருந்தன. கழுவித் துடைத்து. ஏழு.

ஜூலை 14, திங்கள்

காலனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது பி பிளாக்காரர். வீட்டு ரேட் ஏறுமா என்று கேட்டவன். பரிமளாவைப் பார்த்துச் சிரித்தவன். அவனுக்கு நான் அசிங்கமாகத் தெரிகிறேன்.

யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தண்ணீர் லாரி வரும் நேரம் மட்டும் யாராவது சொன்னால் போதும். இன்று தவறவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பரிமளா வீடு தேடி வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. திட்டத்தை நிறுத்தி வைத்து, ரோட்டை மறுபடி அளக்க உத்தரவு போட்டிருக்கிறார்களாம்.

"சந்தோஷமா மேடம்?"

"நான் உன் வீட்டுக்கு எதிரா பேசல பரிமளா. உண்மையச் சொன்னேன்."

"அன்னிக்கு ஒரு வார்த்தைய எடுத்தீங்க. பெரிய ஆளுங்களுக்கு வீடு வந்துச்சு. இன்னிக்கு அதே வார்த்தைய வெச்சீங்க. எனக்கு வர வேண்டியது போச்சு. ரெண்டு தடவையும் உங்க வீடு உங்களுக்கு இருக்கு."

படி இறங்கும்போது திரும்பி, "அந்த பிளவுஸ் கை இறுக்கமா இருக்கும். எனக்கே தெரியும். குடுத்தா பிரிச்சுத் தரேன்" என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று மூன்று மணி நேரம் தேடினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதிய போர்டு. பதினெட்டு மாடி. அளவை மறுபடி எடுத்தார்களாம்; ஆலை ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். அதற்காக எடுக்கப்படும் இடங்களின் பட்டியல் கீழே. முக்கு டவரின் சுவர் பட்டியலில் இல்லை. பரிமளா கடை இருக்கும் வரிசை முழுக்க இருக்கிறது. சின்ன வீடுகள் நாற்பது என்ற வரியே காணோம்.

போர்டின் முன்னால் பரிமளா நின்றிருந்தாள். நானும் நின்றேன். பிறகு அவள், "அந்த மனு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். புது மனு எழுத வேண்டும் என்றேன். "எழுதுங்க. இந்தத் தடவை முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க, ஒரு வார்த்த விடாம" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் பாக்கியநாதன் சார் வந்தார். நான்கு வாரம் ஆகிறது. தாடி வளர்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் இறங்கிப் போனேன். வழக்கம்போல் உரக்கப் பேசுவார் என்று நினைத்தேன். குரலே எழும்பவில்லை அவருக்கு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வார்த்தைய எடுத்தப்ப, நம்ம ரோடுன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா? இல்ல, ஆயிரம் ரோட்டுல ஏதோ ஒரு ரோடுன்னு எடுத்துட்டீங்களா?"

இரண்டாவது பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது. முகத்திலேயே தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் தூங்கியிருப்பார். நானும்.

"ஞாபகம் இருந்துச்சு சார்" என்றேன். "அன்னிக்குக் காலைல அந்த ரோட்டுலதான் நானும் ஸ்டெல்லாவும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனோம். லாரி ஒண்ணு வந்துச்சு. ஒதுங்க இடமில்லாம அவ என் கைய புடிச்சு இழுத்தா. சாயங்காலம் எடுக்கறப்ப அது ஞாபகம் இருந்துச்சு."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழுவாரோ, அடிப்பாரோ என்று இருந்தது. அடித்தால் நின்று வாங்கியிருப்பேன்.

"கோர்ட்டுக்குப் போறோம்" என்றார் கடைசியில். "இந்தக் கட்டடத்துக்கு எதிரா மட்டும் இல்ல. முக்கு டவருக்கு எப்படி அனுமதி கெடச்சுதுன்னும் கேக்கப் போறோம். இப்ப எங்கிட்ட சொன்னத அங்க சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"உங்க பேர் கெட்டுப்போகும். வழக்குகூட வரலாம் உங்க மேல."

"வரட்டும்."

"சொன்னாலும் நான் உங்கள மன்னிக்க மாட்டேன்."

"வேண்டாம் சார்" என்றேன்.

வக்கீல் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பரிமளாவும் கடையை அடைத்துவிட்டு வருகிறாள். மூன்று பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். சார் மட்டும் தனி ஆட்டோவில்.